ஆடை அழுத்தம்: இறுக்குக் கச்சு முதல் அழுத்த உள்ளாடை வரை

ஆடை அழுத்தம் என்பது, ஒருவர் உடுத்தியிருக்கும் ஆடை அவருடைய உடலின் மேற்பரப்பில் செலுத்தும் அழுத்தம் ஆகும். நாள் முழுதும் கட்டியிருந்த பாவாடை நாடா மாலையில் இடுப்பில் விட்டுச் செல்லும் தடமும், காலுறையின் எலாஸ்டிக் பட்டை கெண்டைக்காலில் பதிக்கும் வரியும் இதற்கு எளிய எடுத்துக்காட்டுகள். இரத்த அழுத்தத்தைப் போலவே இதுவும் பெரும்பாலும் பாதரச மில்லிமீட்டரில் குறிக்கப்படுகிறது. துகிலியல் நூல்களில் கிலோபாசுகல் என்ற அலகும் வழங்குகிறது. 1 கிலோபாசுகல் ஏறத்தாழ 7.5 மி.மீ. பாதரசத்துக்குச் சமம்.

விளையாட்டு வீரர்கள் அணியும் இறுக்கமான உள்ளாடை, சிரை நோயாளிகள் அணியும் காலுறை, தீக்காயத் தழும்பை அமுக்கும் உடுப்பு, உடலை ஒல்லியாகக் காட்டும் இடுப்பாடை ஆகிய அனைத்தும் இந்த அழுத்தத்தைப் பயன்படுத்துபவையே. ஒரே அழுத்தம் ஓரிடத்தில் புண்ணை ஆற்றுகிறது, மற்றோரிடத்தில் புண்ணை உண்டாக்குகிறது. எது இதம், எது துன்பம் என்பதை அணிபவரின் சொல்லை மட்டும் வைத்து விவாதித்த காலம் போய், அதை அளந்து அறியும் காலம் வந்தது எவ்வாறு என்பதே இத்துறையின் வரலாறு ஆகும்.

அழுத்தம் உண்டாகும் முறை

நீளும் தன்மையுள்ள துணி உடலைச் சுற்றி இழுத்துக் கட்டப்படும்போது அதில் இழுவிசை தோன்றுகிறது. அந்த இழுவிசை வளைவான உடற்பகுதியின் மேல் அழுத்தமாக மாறுகிறது. வளைபரப்புகளில் இழுவிசைக்கும் அழுத்தத்துக்கும் உள்ள தொடர்பை இங்கிலாந்தின் தாமசு யங் 1805இலும், பிரான்சின் பியேர் சைமன் லாப்லாசு 1806இலும் விளக்கினர். இன்று இது லாப்லாசு விதி என்ற பெயரில் வழங்குகிறது. உருளை வடிவப் பகுதி ஒன்றின் மேல் உள்ள அழுத்தத்தைக் காண, துணியின் ஓர் அலகு அகலத்தில் உள்ள இழுவிசையை அப்பகுதியின் வளைவு ஆரத்தால் வகுக்க வேண்டும்.

ஒரு கணக்கின் மூலம் இதனைத் தெளிவாகப் புரிந்துகொள்ளலாம். ஒரு சென்டிமீட்டர் அகலத்துக்கு 1 நியூட்டன் இழுவிசை, அதாவது சுமார் 100 கிராம் எடை தொங்குவதற்குச் சமமான இழுப்பு, ஒரு துணியில் உள்ளதாகக் கொள்வோம். ஆரம் 10 செ.மீ. உள்ள பகுதியில் அது 7.5 மி.மீ. பாதரச அழுத்தம் தரும். ஆரம் 5 செ.மீ. உள்ள இடத்தில் 15 மி.மீ. தரும். எலும்பு புடைத்து நிற்பதால் ஆரம் 2 செ.மீ. ஆகக் குறையும் இடத்தில் அதே துணி 37.5 மி.மீ. வரை அழுத்தும். இடுப்பெலும்பின் முனை, முழங்காலின் முன்பக்கம், கணுக்கால் எலும்பு போன்ற இடங்களில் ஆடை முதலில் உறுத்துவதற்குக் காரணம் இதுவே. தட்டையான வயிற்றிலும் முதுகின் நடுப்பகுதியிலும் ஆரம் பெரிது, ஆகவே அழுத்தம் குறைவு.

கட்டுத்துணியும் தோல் காலுறையும்

அழுத்தத்தை மருந்தாகப் பயன்படுத்துவது மிகப் பழைய வழக்கம். கிரேக்க மருத்துவர் இப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் நூல்களிலேயே கால் புண்களுக்குக் கட்டுப் போடும் முறை குறிப்பிடப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசின் அறுவை மருத்துவராக இருந்த ரிச்சர்டு வைசுமன், கால் புண்ணுக்குக் கயிறு கோத்து இறுக்கும் தோல் காலுறையைப் பரிந்துரைத்தார். அவருடைய அறுவை மருத்துவக் கட்டுரைகள் 1676இல் வெளியாயின. சாதாரணக் கட்டுத்துணி நடக்க நடக்கத் தளர்ந்துவிடும். கயிறு கோத்த காலுறையையோ வேண்டும்போது மீண்டும் இறுக்கிக்கொள்ளலாம். ஆனால் தோல் நீளாது. கால் வீங்கினால் அது கூடுதலாக அமுக்கும், வீக்கம் வடிந்தால் பயனற்றுத் தொங்கும்.

இக்குறையைத் தீர்த்தது ரப்பர். இங்கிலாந்தின் தாமசு ஆன்காக் 1820இல் கையுறை, காலுறை போன்றவற்றில் ரப்பர் பட்டைகளைச் சேர்க்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். எனினும் பச்சை ரப்பர் வெயிலில் பிசுபிசுத்தது, குளிரில் விறைத்தது. கந்தகம் சேர்த்துச் சூடாக்கி ரப்பரைப் பதப்படுத்தும் முறையை அமெரிக்காவின் சார்லசு குட்இயர் 1839இல் கண்டறிந்தார். அதன் பின்னரே நிலையாக நீண்டு சுருங்கும் ரப்பர் இழை கிடைத்தது. 1848இல் இங்கிலாந்தின் மிடில்செக்சைச் சேர்ந்த வில்லியம் பிரவுன், ரப்பர் இழை கொண்ட எலாஸ்டிக் காலுறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய அழுத்த ஆடைகளின் முன்னோடி இதுவே எனலாம்.

இறுக்குக் கச்சு பற்றிய விவாதம்

மருத்துவர்கள் காலை அமுக்க வழி தேடிய அதே நூற்றாண்டுகளில், ஐரோப்பிய மகளிர் இடையை அமுக்கி வாழ்ந்தனர். கோர்செட் எனப்படும் இறுக்குக் கச்சு, திமிங்கிலத் தாடைத் தகடுகளோ எஃகுத் தகடுகளோ செருகப்பட்டு, முதுகுப்புறம் கயிறு கோத்து இறுக்கப்படும் உள்ளாடை ஆகும்.

செருமானிய உடற்கூற்றியலாளர் சாமுவேல் தாமசு சோமரிங் 1788இல் கச்சின் தீமைகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இயல்பான உடற்பகுதியையும் கச்சால் இறுகிய உடற்பகுதியையும் ஒப்பிடும் படங்கள் அவருடைய நூலால் புகழ்பெற்றன. அதன் பின் நூறாண்டுக் காலம் மருத்துவர்கள் பலர் கச்சைக் கண்டித்து எழுதினர். மூச்சுத் திணறல், மயக்கம், செரியாமை தொடங்கிப் பல நோய்களுக்கு அவர்கள் கச்சையே காரணம் காட்டினர். 1881இல் இலண்டனில் ஆர்பர்ட்டன் சீமாட்டியின் முயற்சியால் பகுத்தறிவு ஆடைச் சங்கம் தொடங்கப்பட்டது. இறுகக் கட்டிய கச்சையும் கனத்த பாவாடைகளையும் அது எதிர்த்தது. பெண்களின் உள்ளாடைகள் அனைத்தும் சேர்ந்து 7 பவுண்டு, அதாவது சுமார் 3.2 கிலோகிராம் எடையைத் தாண்டக்கூடாது என்பது அச்சங்கத்தின் கொள்கைகளுள் ஒன்று. அதுவே அன்று குறைந்த எடையாகக் கருதப்பட்டது என்பதிலிருந்து அக்காலப் பெண்கள் சுமந்த ஆடையின் பாரத்தை ஊகிக்கலாம்.

இவ்விவாதத்தில் உண்மையும் மிகையும் கலந்தே இருந்தன. கச்சால் வந்தவை என்று சொல்லப்பட்ட நோய்கள் பலவற்றுக்குச் சான்று இல்லை என்று ஆடை வரலாற்றாசிரியர் வலரி சுடீல் போன்றோர் பின்னர் எடுத்துக்காட்டினர். கச்சு அணியும் பெண்களோ, தாம் இறுக்கமாகக் கட்டுவதில்லை என்றும் தமக்கு வசதியாகவே உள்ளது என்றும் மருத்துவர்களிடம் சொல்லி வந்தனர். யார் சொல்வது சரி என்று தீர்மானிக்க ஓர் அளவுகோல் தேவைப்பட்டது.

டிக்கின்சனின் அளவீடு

அந்த அளவுகோலைக் கொண்டு வந்தவர் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியைச் சேர்ந்த மகளிர் மருத்துவர் ராபர்ட் லாட்டூ டிக்கின்சன். அவர் அழுத்தமானியைப் பயன்படுத்திக் கச்சின் கீழ் உள்ள அழுத்தத்தை அளந்து, 1887இல் மருத்துவ இதழ் ஒன்றில் முடிவுகளை வெளியிட்டார்.

அவர் கண்ட மிகுதியான அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 1.625 பவுண்டு. இன்றைய அலகில் இது சுமார் 84 மி.மீ. பாதரசம். மூச்சை உள்ளிழுக்கும்போது இது பதிவானது. அமைதியாக மூச்சுவிடும்போது மிகுதியாகப் பதிவானது 0.625 பவுண்டு, அதாவது சுமார் 32 மி.மீ. பாதரசம். கச்சு முழுவதும் உடலின் மேல் செலுத்தும் மொத்த விசை 30 முதல் 80 பவுண்டு வரை இருக்கும் என்று அவர் மதிப்பிட்டார். தளர்வான கச்சுக்கு அது 35 பவுண்டு. இறுக்கமான புதிய கச்சுக்கு 65 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 29 கிலோகிராம். கச்சு அணிந்தபோது மார்பு விரிவடையும் அளவில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

இந்த எண்களைவிட முக்கியமானவை அவருடைய வேறு இரண்டு கண்டுபிடிப்புகள். முதலாவது, கச்சைக் கொக்கி மாட்டிய அரை நிமிடத்துக்குள் உடல் அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அழுத்தம் தெளிவாகக் குறைகிறது. இரண்டாவது, இடுப்பின் சுற்றளவை மட்டும் கொண்டு இறுக்கத்தை அறிய முடியாது. ஒரே இடுப்பளவு கொண்ட இருவரில் ஒருவரின் உடல் எளிதில் அமுங்கும், மற்றவரின் உடல் அமுங்காது. பெண்கள் பொய் சொல்லவில்லை, மருத்துவர்களும் வீணாகக் கூச்சலிடவில்லை என்பதை இக்கண்டுபிடிப்புகள் காட்டின. உடல் பழகிக்கொள்வதால் இறுக்கம் உணரப்படாமல் போகலாம். ஆனால் உணரப்படாத அழுத்தமும் அழுத்தமே.

நுண்நாளங்களும் நீச்சல் குளமும்

தோலின் கீழ் உள்ள மிகச் சிறிய இரத்தக் குழாய்களில் அழுத்தம் எவ்வளவு என்பது 1930இல் தெரியவந்தது. அமெரிக்க உடலியங்கியலாளர் யூசின் லாண்டிசு, விரல் நகத்தடித் தோலில் உள்ள நுண்நாளங்களுக்குள் மிக நுண்ணிய குழாயைச் செலுத்தி அளந்தார். தமனிப் பக்கத்தில் சராசரியாக 32 மி.மீ. பாதரசமும், சிரைப் பக்கத்தில் 12 மி.மீ. பாதரசமும் இருந்தன. வெளியிலிருந்து வரும் அழுத்தம் நீண்ட நேரம் இந்த அளவைத் தாண்டினால் அவ்விடத்துக்கு இரத்தம் செல்வது குறையக்கூடும் என்ற கருத்து இதிலிருந்து பிறந்தது. டிக்கின்சனின் கச்சு அமைதியாக மூச்சுவிடும்போது காட்டிய உச்ச அளவும் ஏறத்தாழ இதுவே என்பது குறிப்பிடத்தக்கது.

அழுத்தத்தை நன்மைக்குத் திருப்பியவர்களுள் முக்கியமானவர் கான்ராடு யோப்சுட். செருமனியில் பிறந்து அமெரிக்காவின் ஓகையோ மாநிலத்தில் வாழ்ந்த பொறியாளரான இவர், கால் சிரைகளில் இரத்தம் தேங்குவதால் வரும் புண்ணால் நெடுநாள் துன்புற்றார். நீச்சல் குளத்தில் நிற்கும்போது மட்டும் வலி தணிவதைக் கவனித்தார். நீரின் அழுத்தம் ஆழத்துக்கு ஏற்ப அதிகரிக்கிறது. நிற்பவரின் கால் சிரைகளில் உள்ள அழுத்தமும் அதேபோல் கீழே செல்லச் செல்ல அதிகரித்துக் கணுக்காலில் 90 மி.மீ. அளவை நெருங்குகிறது. ஆகவே குளத்து நீர் தேவையான இடத்தில் தேவையான அளவு தாங்கல் தருகிறது. இதே முறையில் கணுக்காலில் மிகுதியாகவும் மேலே செல்லச் செல்லக் குறைவாகவும் அழுத்தும் காலுறையை அவர் 1950ஆம் ஆண்டளவில் உருவாக்கினார்.

பின்னர் இக்காலுறைகள் வகுப்புகளாகத் தரப்படுத்தப்பட்டன. செருமானிய முறையில் முதல் வகுப்பு கணுக்காலில் 18 முதல் 21 மி.மீ. பாதரசம், இரண்டாம் வகுப்பு 23 முதல் 32, மூன்றாம் வகுப்பு 34 முதல் 46, நான்காம் வகுப்பு 49க்கு மேல். பிரித்தானிய முறையில் இந்த அளவுகள் சற்றுக் குறைவு. ஒரு நாட்டின் இரண்டாம் வகுப்புக் காலுறை வேறொரு நாட்டின் இரண்டாம் வகுப்புக்குச் சமம் அன்று என்பதை வாங்குவோர் நினைவில் கொள்வது நல்லது.

ஸ்பான்டெக்ஸ் இழையும் வசதி பற்றிய ஆய்வும்

ரப்பர் இழை கனமானது. வியர்வையாலும் எண்ணெயாலும் விரைவில் கெட்டுவிடும். கச்சின் இடத்தைப் பிடித்த கிர்டில் என்னும் இடுப்பிறுக்கியில் ரப்பருக்கு மாற்று தேடிய டூபாண்ட் நிறுவனத்தில், 1958இல் யோசப் சிவர்சு என்ற வேதியியலாளர் பாலியூரித்தேன் வகைச் செயற்கை இழை ஒன்றை உருவாக்கினார். ஸ்பான்டெக்ஸ் என்பது அதன் பொதுப்பெயர், லைக்ரா என்பது வணிகப்பெயர். தன் நீளத்தைப் போலப் பல மடங்கு நீண்டு மீண்டும் சுருங்கும் இந்த இழை, இறுக்க ஆடையை இடுப்பிலிருந்து உடல் முழுவதற்கும் கொண்டு சென்றது.

புதிய இழை புதிய கேள்வியையும் கொண்டு வந்தது. துணி எவ்வளவு நீள வேண்டும்? 1966இல் கிர்க், இப்ராகிம் ஆகிய இருவரும் உடல் அசையும்போது தோல் நீளும் அளவை ஆராய்ந்தனர். முழங்கால் மடங்கும்போது அங்குள்ள தோல் நெடுக்குவாக்கில் 35 முதல் 45 விழுக்காடு வரை நீள்கிறது. ஆடை அதற்கு ஈடுகொடுக்க மூன்று வழிகள்தாம் உண்டு: தளர்வாக இருக்க வேண்டும், அல்லது தோலின் மேல் வழுக்க வேண்டும், அல்லது தானும் நீள வேண்டும். உடலோடு ஒட்டிய உள்ளாடையில் தளர்வுக்கு இடமில்லை. வியர்வை பட்டால் வழுக்குவதும் குறைகிறது. எஞ்சுவது நீட்சி மட்டுமே. நீளாத துணி அங்கே அழுத்தமாக மாறுகிறது.

1972இல் டென்டன் என்பவர் பொருத்தம், நீட்சி, வசதி ஆகியவற்றைப் பற்றி எழுதிய ஆய்வு இத்துறையில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு 60 முதல் 100 கிராம் வரை, அதாவது சுமார் 44 முதல் 74 மி.மீ. பாதரச அழுத்தத்தில் அணிபவர் துன்பத்தை உணரத் தொடங்குகிறார் என்றும், இந்த எல்லை ஆளுக்கு ஆளும் உடற்பகுதிக்குப் பகுதியும் மாறும் என்றும் அது கூறியது. வழக்கமான நிலையில் இதமான அழுத்தம் 2 முதல் 4 கிலோபாசுகல், அதாவது 15 முதல் 30 மி.மீ. பாதரசம் வரை என்று துகிலியல் ஆய்வுகளில் பொதுவாகக் குறிப்பிடப்படுகிறது.

இத்துறையை விரிவாக வளர்த்தவர்கள் சப்பானியர். கியோத்தோ நகரின் வாக்கோல் என்னும் உள்ளாடை நிறுவனம் 1964இல் பெண்களின் உடலமைப்பை அளந்து ஆராயும் பிரிவைத் தொடங்கியது. சப்பானியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தோலுக்கும் ஆடைக்கும் நடுவே மெல்லிய சிறு காற்றுப்பையை வைத்து, நிற்கும்போதும் உட்காரும்போதும் மூச்சுவிடும்போதும் அழுத்தம் மாறுவதைப் பதிவு செய்தனர். நாரா மகளிர் பல்கலைக்கழகத்தினர் இறுக்கமான உள்ளாடை செரிமானத்தையும் உடல் வெப்பத்தையும் எவ்வாறு பாதிக்கிறது என்றும் ஆராய்ந்தனர். அணிபவர் உணர்வதோடு நில்லாமல், உணராமலே உடலுக்குள் நடப்பதையும் பார்க்க வேண்டும் என்ற டிக்கின்சனின் எண்ணம் இவ்வாறு நூறாண்டுக்குப் பின் தொடர்ந்தது.

வசதியைத் தீர்மானிக்கும் காரணிகள்

இதுவரை நடந்த ஆய்வுகளிலிருந்து தெளிவாகும் செய்திகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவது, இடம். சதைப்பிடிப்பான தொடை தாங்கும் அழுத்தத்தை இடுப்பும் விலாவும் தாங்குவதில்லை. வயிற்றுப் பகுதி மூச்சாலும் உணவாலும் நாள் முழுதும் அளவு மாறிக்கொண்டே இருப்பது இதற்கு ஒரு காரணம்.

இரண்டாவது, நிலை. நின்றபடி பொருத்தம் பார்த்து வாங்கிய ஆடை, உட்கார்ந்ததும் இறுகுகிறது. உட்காரும்போது வயிற்றின் சுற்றளவு பெருகுவதே காரணம்.

மூன்றாவது, பட்டையின் அகலம். ஒரே இழுப்பு அகலமான பட்டையில் பரவுகிறது, குறுகிய நாடாவில் குவிகிறது. மேல் விளிம்பு சுருண்டு மடிந்துகொள்ளும் ஆடையில் துணி இரட்டிப்பாவதால் அழுத்தமும் கூடுகிறது.

நான்காவது, நேரம். சில நிமிடங்களுக்கு இதமாக இருக்கும் அழுத்தம் பல மணி நேரத்துக்குப் பின் துன்பம் தரலாம்.

ஐந்தாவது, வெப்பமும் வியர்வையும். ஈரத் தோலில் உராய்வு மிகுதி. ஆகவே குளிர்நாட்டில் இதமாக இருக்கும் அழுத்த ஆடை வெப்ப நாட்டில் அவ்வாறு இருப்பதில்லை.

அழுத்தம் துன்பமாகும் இடம்

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கால்வெசுடன் நகர மருத்துவர்கள், தீக்காயத் தழும்பு தடித்து வளர்வதைத் தடுக்க இறுக்க உடுப்புகளைப் பரவலாகப் பயன்படுத்தினர். இவற்றை நாளுக்கு 23 மணி நேரம், பல மாதங்கள் அணிய வேண்டும். வெப்பமும் அரிப்பும் தாங்காமல் நோயாளிகள், சிறப்பாகக் குழந்தைகள், அவற்றைக் கழற்றிவிடுவது இம்முறையின் பெருங்குறையாக இன்றும் நீடிக்கிறது. வசதி இல்லையேல் மருந்தும் இல்லை என்பதை இது காட்டுகிறது.

பக்கவாத நோயாளிகளுக்குக் கால் சிரைகளில் இரத்தம் உறையாமல் இருக்கத் தொடை வரை நீண்ட அழுத்தக் காலுறை அணிவிப்பது நெடுநாள் வழக்கமாக இருந்தது. 2518 நோயாளிகளைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2009இல் வெளியானது. காலுறை அணிந்தோரில் இரத்த உறைவு குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. மாறாக, தோல் புண், கொப்புளம் போன்றவை காலுறை அணிந்தோரில் 5 விழுக்காட்டினருக்கும், அணியாதோரில் 1 விழுக்காட்டினருக்கும் ஏற்பட்டன. உணர்வு மங்கிய நோயாளி, உறுத்துகிறது என்று சொல்ல இயலாதவர். உறுத்தல் என்பது உடல் விடுக்கும் எச்சரிக்கை என்பதும், அது இல்லாத இடத்தில் கூடுதல் கவனம் தேவை என்பதும் இதிலிருந்து கற்க வேண்டிய பாடம்.

இடுப்பில் இறுகும் கச்சும் வாரும் தொடையின் வெளிப்புறத் தோலுக்குச் செல்லும் நரம்பை அழுத்துவதால் அங்கே எரிச்சலும் மரத்துப்போதலும் உண்டாகலாம். இந்நோய் 1895இல் விவரிக்கப்பட்டது. இறுக்கமான கால்சட்டை அணியும் இளையோரிடமும் இன்று இது காணப்படுகிறது.

இந்தியாவிலும் இதற்குத் தொடர்புள்ள வரலாறு உண்டு. மும்பையின் நோயியலாளர் வி. ஆர். கனோல்கரும் அவருடன் பணியாற்றிய சூர்யாபாயும் 1945இல், இடுப்பில் வேட்டியை நெடுங்காலம் இறுகக் கட்டுவோருக்கு அதே இடத்தில் தோன்றும் தோல் புற்றுநோயைப் பற்றி எழுதினர். இது பின்னர் வேட்டிப் புற்றுநோய் எனப்பட்டது. பாவாடை நாடா இறுகும் இடத்தில் தோல் கறுத்து, தடித்து, சிலருக்கு ஆறாத புண்ணாகி, மிக அரிதாகப் புற்றாக மாறுவதையும் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். 2024இலும் மகாராட்டிரம், பீகார் மாநிலங்களைச் சேர்ந்த இரு பெண்களின் நோய் வரலாறு மருத்துவ இதழில் வெளியானது. நாடாவின் அழுத்தமும் இடைவிடாத உராய்வும் சேர்ந்தே இதற்குக் காரணமாகின்றன. நாடாவைச் சற்றுத் தளர்த்திக் கட்டுவது, கட்டும் இடத்தை மாற்றுவது, அகலமான பட்டையைப் பயன்படுத்துவது, ஆறாத புண்ணை உடனே மருத்துவரிடம் காட்டுவது ஆகியவை மருத்துவர்கள் கூறும் எளிய அறிவுரைகள்.

இன்றைய நிலை

1990களுக்குப் பின் அழுத்த உள்ளாடை விளையாட்டு உலகில் பரவியது. கடும் பயிற்சிக்குப் பின் தோன்றும் தசை வலியை இது ஓரளவு குறைக்கிறது என்பதற்குச் சான்றுகள் உள்ளன. ஓட்ட வேகமோ ஆற்றலோ பெருகும் என்பதற்கான சான்றுகள் வலுவாக இல்லை. மருத்துவக் காலுறையின் உறையில் அழுத்த அளவு அச்சிடப்பட்டிருக்கும். விளையாட்டு உள்ளாடைகள் பலவற்றிலோ சிறியது, நடுத்தரம், பெரியது என்ற அளவு மட்டுமே உள்ளது. அந்த அளவும் பெரும்பாலும் உயரத்தையும் எடையையும் மட்டும் கொண்டு தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே ஒரே அளவு உள்ளாடை அணியும் இருவர் வெவ்வேறு அழுத்தத்தைப் பெறுகின்றனர். இடுப்பளவைக் கொண்டு இறுக்கத்தை அறிய முடியாது என்று 1887இல் டிக்கின்சன் எழுதியது இன்றைய கடைகளுக்கும் பொருந்துகிறது.

கச்சின் காலத்தில் பெண்ணின் சொல் ஐயத்துடன் பார்க்கப்பட்டது. அளவீடு வந்தபின் அந்த ஐயம் தீர்ந்தது. ஆயினும் அளவீட்டால் ஓர் எல்லையைத்தான் காட்ட முடியும். அந்த எல்லைக்குள் எது இதம் என்பதை அணிபவரின் உடலே சொல்ல வேண்டும். ஆடையைக் கழற்றிய பின் தடம் நெடுநேரம் மறையாமல் இருந்தாலோ, மரத்துப்போதலும் எரிச்சலும் தோன்றினாலோ, அந்த ஆடை எவ்வளவு விலையுயர்ந்ததாக இருந்தாலும் அந்த உடலுக்கு ஏற்றதன்று.